நாலு சைக்கிள், அவசரமில்லாத பாதை

கிளம்புவதற்கு முந்தைய இரவு

நண்பர்களோடு சைக்கிளில் கிளம்பும்போது எந்த ஊர் என்பதை அப்புறம்கூட முடிவு செய்துகொள்ளலாம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். பழக்கமில்லாத ஒருவராவது இருக்கும் குழுவுக்குச் சமதரையில் 35 முதல் 45 வரை போதும். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று ஆற அமர மிதித்தாலும் நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மிச்சப் பகல் கையில் இருக்கும். 80 என்று வைத்துக்கொண்டால் வழியில் ஏரி வந்தாலும் இறங்க மனம் வராது, மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். ஒரே இடத்தில் வேலை பார்த்த நேரம் இந்தக் கணக்கில் பெரிதாக ஏறவில்லை. அரட்டை, விளையாட்டு, சும்மா உட்கார்ந்திருப்பது, இவைதான் ஏறின. ஐந்து நாள் பயணத்தில் விழித்திருக்கும் நேரம் மட்டுமே 70, 80 மணி வரும். அதை மூச்சிரைக்க ஒற்றை வரிசையில் மிதித்தே தீர்த்துவிட்டால் யாரும் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்க மாட்டார்கள்.

வண்டியைப் பார்த்துவிடலாம். காற்று: டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு அச்சாகியிருக்கும். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயருக்குப் பையோடு சேர்த்து 50–60 பி.எஸ்.ஐ. சரியாக இருக்கும். எடை அதிகம் விழுவது பின்சக்கரத்தில்தான், அதனால் அதற்கு ஐந்து கூடுதலாக. பிரேக்: லீவரை முழுக்க அழுத்தினாலும் அது கைப்பிடியைத் தொடக் கூடாது. செயின்: ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வெளியே வழிந்தபடி இருந்தால் சாலைத் தூசி முழுக்க அதில்தான் உட்காரும்.

பொதுச் சாமான்களை நாலு பைகளிலும் திணிக்காதீர்கள். பம்ப், டயர் லீவர், பஞ்சர் பெட்டி, அலன் சாவிக் கொத்து, நாலைந்து கேபிள் டை, ஒவ்வொரு சக்கர அளவுக்கும் ஒரு உபரி ட்யூப், எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அந்தப் பை கடைசியாக வருபவரிடம் இருக்க வேண்டும். முன்னால் போகிறவரிடம் இருந்தால், பின்னால் பஞ்சரானவர் அவரைக் கத்திக் கூப்பிட்டே களைத்துவிடுவார்.

முதல் நாள்: சமதரை

குழுவில் மெதுவாக மிதிப்பவர் யாரோ அவரே முன்னால் போகட்டும். வேகம் தானாக அடங்கிவிடும், அவருக்கும் பின்தங்கிய உணர்வு வராது. நன்றாக மிதிப்பவர் கடைசியில். நடுவில் இருப்பவர்கள் இடம் மாறிக்கொள்ளலாம், பேச்சுத்துணையும் மாறும். திருப்பம் வந்தால் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நின்றுவிட்டுத் திரும்புவது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டால் யாரும் தொலைய மாட்டார்கள்.

முன்னால் போகிறவர் "குழி!" என்று சொல்லி, குழி இருக்கும் பக்கம் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் இருப்பவருக்கு எதிரே தெரிவது முதுகும் பையும் மட்டும்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கக் கூடாது. அவர் லேசாக ஒதுங்கினால் இரண்டும் உரசும். விழுவது பெரும்பாலும் பின்னால் வந்தவர்தான், முன்னவர் திரும்பிப் பார்த்துவிட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

மாலையில் ஆளுக்கு ஒரு வலி சொல்வார்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. சரிபார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துப் பெடலைக் கீழே இறக்குங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும், அதுதான் அளவு. மாற்றுவதானால் ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். உட்காரும் இடத்து வலிக்கு மருந்தில்லை, மூன்றாம் நாள் வாக்கில் பழகிவிடும். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை போட்டிருந்தால் உள்ளாடை வேண்டாம், அதன் தையல்தான் தோலை அறுக்கும். வெட்கப்பட்டு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

இரண்டாம் நாள்: பஞ்சர்

முள் பாதையில் பஞ்சர் வராமல் போனால்தான் ஆச்சரியம். காற்றடைத்த டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காப்புரிமை வாங்கினார், தன் மகனின் மூன்றுசக்கர வண்டி அதிராமல் ஓடுவதற்காக யோசித்தது அது. நாற்பது வருஷம் முன்பே, 1845-இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் அதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்ததால் டன்லப்பின் உரிமை பிறகு செல்லாமல் போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து நமக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்த இருபது நிமிட வேலையை.

பின்சக்கரம் என்றால் கழற்றும் முன் செயினைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள், வெளியே எடுப்பதும் திரும்ப மாட்டுவதும் சுலபம். இரண்டு லீவர்களைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நுழைத்து டயரின் ஒரு விளிம்பை மட்டும் வெளியே இழுங்கள். ட்யூபை உருவும் முன், டயரில் உள்ள எழுத்து வால்வுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. ட்யூபில் ஓட்டை கிடைத்ததும் டயரில் அதற்கு நேரான இடம் உடனே தெரிந்துவிடும்.

ட்யூபைக் கொஞ்சம் பெரிதாக ஊதி, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெல்லச் சுற்றுங்கள். காது தவறவிடும் காற்றுக் கீற்றைக் கன்னம் பிடித்துவிடும். அதிலும் அகப்படாவிட்டால் தண்ணீரில் முக்கிக் குமிழியைத் தேட வேண்டியதுதான்.

ஓட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரியும். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள் அல்லது கண்ணாடி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிளவு என்றால் காற்று குறைவாக இருந்து, குழியின் விளிம்பில் இடித்தபோது ரிம்முக்கு நடுவே ட்யூப் நசுங்கியிருக்கிறது. உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் முனை குத்தியிருக்கிறது. வால்வின் அடி கிழிந்திருந்தால் ஒட்டிப் பிரயோஜனமில்லை, புது ட்யூப்தான்.

ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைப் பஞ்சுத் துணியால் சுற்றித் துடையுங்கள். முள் இருந்தால் துணியின் நூல் அதில் மாட்டி இழுபடும், விரலும் தப்பிக்கும். இதைச் செய்யாமல் ட்யூபை மட்டும் ஒட்டிப் போட்டால் அதே முள் அரை கிலோமீட்டருக்குள் மறுபடி குத்தும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். ட்யூபில் ஓட்டையைச் சுற்றி, ஒட்டப்போகும் ரப்பர்த் துண்டை விடப் பெரிய பரப்பை உப்புத்தாளால் தேயுங்கள், பளபளப்பு போய் மங்க வேண்டும். அச்சில் வந்த வரி மேடாக இருந்தால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள். சொல்யூஷனை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பிறகு ஐந்து நிமிடம் தொடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால்தான் பிடிக்கும் என்று நினைத்து அவசரப்படுகிறவர்கள் அதிகம், ஒட்டு பிய்ந்துகொள்வதற்கு முதல் காரணம் இதுதான். அது சாதாரணப் பசை இல்லை. கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான் ஒட்டின் ரப்பரோடு சேரும். ஈரப் பளபளப்பு அடங்கியதும் ஒட்டுத் துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். மேலே உள்ள கண்ணாடித் தாளை உரிக்க வேண்டாம், உரிக்கப் போய் ஓரம் கிளம்பிவிடும்.

அந்த ஐந்து நிமிடத்தில் மற்ற மூன்று பேருக்கும் வேலை கிடையாது. வரப்பில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்தப் பயணத்தில் இதுவரை வந்த நல்ல பேச்சு எல்லாமே இப்படி எதற்காகவோ காத்திருக்கும்போது வந்ததுதான். ஒரு விதி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்: கையில் கிரீஸ் படாதவர் யோசனை சொல்லக் கூடாது.

திரும்பப் பொருத்தும்போது ட்யூபில் உருவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று இருக்கட்டும், முறுக்கிக்கொள்ளாது. டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். அங்கே லீவரைப் போட்டால் இப்போதுதான் ஒட்டிய ட்யூபை நீங்களே கிழிப்பீர்கள். மறுபக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளினால் இங்கே தளர்வு கிடைக்கும், கட்டைவிரலாலேயே ஏற்றிவிடலாம். வால்வை ஒரு முறை உள்ளே தள்ளி இழுத்து, ட்யூப் எங்கும் விளிம்பில் சிக்கவில்லை என்று சுற்றிப் பார்த்த பிறகே முழுக் காற்று.

மூன்றாம் நாள்: ஏரி

இன்று பாதி தூரம்தான், மதியத்துக்குள் ஏரிக்கரை. அலையில்லாத தண்ணீர், கரையெல்லாம் தட்டைக் கற்கள். தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகும்படி கல்லெறியும் தவளைக்கல் விளையாட்டுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

கல் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், அகலம் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர், கனம் ஒரு சென்டிமீட்டருக்குள். மிக லேசான கல்லைக் காற்றே திருப்பிவிடும். ஆள்காட்டி விரலைக் கல்லின் விளிம்பைச் சுற்றி வளைத்துப் பிடியுங்கள். கட்டைவிரல் மேலே, நடுவிரல் கீழே தாங்க. தண்ணீருக்குப் பக்கவாட்டில் நின்று, கை இடுப்புக்குக் கீழே வரும்படி குனிந்து, மணிக்கட்டைச் சுண்டி விடுங்கள். கல் கையை விட்டுப் போகும் கடைசிக் கணத்தில் ஆள்காட்டி விரல்தான் சுழற்சியைக் கொடுக்கிறது.

கல்லின் முன்விளிம்பு சற்றுத் தூக்கியிருக்க வேண்டும். எவ்வளவு என்று பிரான்சில் கிளானே, எர்சன், போக்கே ஆகிய மூவர் இயந்திரத்தால் தட்டுகளை எறிந்து அளந்து 2004-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: தண்ணீர்ப் பரப்புக்கும் கல்லுக்கும் இடையே 20 டிகிரி. அந்தச் சாய்வில்தான் குறைந்த வேகத்திலும் கல் எழும்புகிறது. சுழற்சி அந்தச் சாய்வை மாறாமல் காக்கிறது. சுழலாத கல் முதல் தத்தலிலேயே குட்டிக்கரணம் போட்டு மூழ்கிவிடும். நேரே முங்கினால் முன்விளிம்பு தாழ்ந்திருந்தது என்று அர்த்தம். ஒரே துள்ளலில் உயரப் போய் விழுந்தால் மேலிருந்து எறிந்திருக்கிறீர்கள், இன்னும் குனியுங்கள்.

கர்ட் ஸ்டைனர் என்ற அமெரிக்கர் 2013-இல் 88 தத்தல் எடுத்தது கின்னஸ் சாதனை. நாலு நண்பர்களுக்குள் எட்டு வந்தாலே சண்டை வந்துவிடும். கடைசித் தத்தல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போவதால் ஒருவர் ஆறு என்பார், இன்னொருவர் ஒன்பது என்பார். செல்போனை ஸ்லோமோஷனில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் தீர்ப்பு கிடைக்கும். ஏரியில் குளிப்பவர், படகு, பறவைக் கூட்டம் இருக்கும் திசையில் எறியாதீர்கள். சுழலும் கல் நேராகத்தான் போகும் என்று உத்தரவாதம் இல்லை.

சூரியன் இறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது? கையை முழுக்க நீட்டி, தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் படுக்கையாக அடங்குகிறது என்று பாருங்கள். விரலுக்குப் பதினைந்து நிமிடம் என்று ஒரு கணக்கு உலவுகிறது. அதை நம்பி இருட்டில் மாட்டியவர்கள் இருப்பார்கள். நீட்டிய கையில் ஒரு விரல் சுமார் இரண்டு டிகிரி, வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் விரலுக்கு எட்டு நிமிடம்தான். 60 டிகிரி அட்சரேகைப் பக்கம், சூரியன் சாய்வாக இறங்கும் இடங்களில்தான் பதினைந்து பொருந்தும்.

இரவு வானத்துக்கும் அதே கைதான் அளவுகோல். நீட்டிய முஷ்டி பத்து டிகிரி, சுண்டுவிரல் ஒரு டிகிரி. முழுநிலவு அரை டிகிரிதான், சுண்டுவிரல் அதை முழுசாக மறைத்துவிடும். யாரும் முதலில் நம்ப மாட்டார்கள், பந்தயம் கட்டலாம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். யாராவது ஒருவர் செல்போனைத் திறந்தால் நாலு பேருக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். டார்ச்சில் சிவப்புத் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கிய நட்சத்திரத்தை நேரே பார்த்தால் மறையும், சற்றுப் பக்கத்தில் பார்த்தால் தெரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்ட நடுவில் இல்லை. மினுக்காமல், சிவப்புப் பச்சை விளக்கும் இல்லாமல் சீராக நகரும் வெள்ளைப் புள்ளி செயற்கைக்கோள். மிகவும் பிரகாசமாக இருந்து ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். அது பாதி வானத்தில் சட்டென்று காணாமல் போனால் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது.

படுக்கும் முன் ஒரு வேலை. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் எழுதிய நூலில், மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது என்று காட்டினார். அதனால் குறிப்பு எழுதுவது அன்றிரவே. ஆளுக்கு மூன்று வரி, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்காமல். காட்சியை விட்டுவிடுங்கள், அதற்குப் படம் இருக்கிறது. யார் என்ன சொன்னார்கள், என்ன வாசனை அடித்தது, எதற்குச் சிரித்தோம், இவற்றை எழுதுங்கள். பிறகு சத்தமாகப் படித்தால் நாலு பேரும் நாலு வேறு ஏரிக்குப் போய் வந்ததாகத் தெரியும்.

படம் எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட அருங்காட்சியக ஆய்வில், பொருளை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களை விடக் குறைவாகவே நினைவிருந்தது. ஒரு பகுதியை நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. ஏரியை ஒரு படம், கிரீஸ் படிந்த நகத்தை ஒரு படம் என்று எடுங்கள்.

நான்காம் நாள்: மழை

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தெரியும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் சைக்கிளை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஒற்றை மரத்தடியில் நிற்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும்.

மழை பிடிப்பதற்கு முன்பே மண்வாசனை வந்துவிட்டது. காய்ந்த பாறையும் களிமண்ணும் உறிஞ்சிவைத்திருக்கும் எண்ணெய்களை இதற்குக் காரணமாகக் காட்டி, ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் எழுதினார்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளும் அதில் சேர்கிறது. துளி விழும்போது மண்ணின் நுண்துளைகளில் சிக்கிய காற்று குமிழியாக மேலேறி வெடித்து அந்த மணத்தைத் தெறிக்கவிடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2015-இல் இதை அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். கொட்டும் மழையை விடத் தூறலிலும் மிதமான மழையிலும்தான் இது அதிகம் நடக்கிறது. நின்று மோந்து பார்ப்பதானால் முதல் சில நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மழை விட்டதும் ஓட்டும்போது ரிம்மைப் பிடிக்கும் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். முன்கூட்டியே லேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். சாலையில் போட்ட பெயின்ட் கோடு, இரும்பு மூடி, ஈர இலை இவற்றின் மேல் வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்துவிட வேண்டும்.

நனைந்த ஷூவை நெருப்புப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுப் போகும். உள்தகட்டை உருவித் தனியாக வைத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் திணித்தால் காலைக்குள் போடும்படி ஆகிவிடும்.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழி

குழுப் படத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும் இதற்குச் சூத்திரம் போட்டு 2006-இல், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசை வாங்கினார்கள்: நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால். அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோர் கண்ணும் திறந்திருக்க நல்ல வாய்ப்பு. நாலு பேருக்கு இரண்டு போதும், பன்னிரண்டு பேருக்கு வெயிலில் நாலு. இருபது பேருக்கு மேல் போனால் இந்தக் கணக்கு பொருந்தாது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாதது பணக் கணக்கு. ஒவ்வொரு செலவையும் நாலாக வகுத்து நோட்டில் ஏற்றினால் பக்கம் பக்கமாகப் போகும். யார் மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்று மட்டும் வையுங்கள். உதாரணமாக ஒருவர் 900, இன்னொருவர் 500, மூன்றாமவர் 200, நாலாமவர் எதுவும் இல்லை. மொத்தம் 1600, பங்கு 400. முதல்வருக்கு 500 வர வேண்டும், இரண்டாமவருக்கு 100. மூன்றாமவர் 200 தர வேண்டும், நாலாமவர் 400. நாலாமவர் தன் 400-ஐ முதல்வரிடம் கொடுக்கிறார், மூன்றாமவர் ஆளுக்கு நூறாக இருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறார், முடிந்தது. எத்தனை செலவு இருந்தாலும், ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் வரும் தடவைக்கு மேல் பணம் கை மாறத் தேவையில்லை. தனக்கென்று வாங்கிய பொருளை இதில் கலக்காதீர்கள், மனக்கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

சைக்கிளைக் கழுவும்போது தண்ணீரை அச்சுகளின் மேல் பீய்ச்சி அடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துபோகும். ஈரத் துணியால் துடைத்து, செயினைக் காயவைத்து, மறுபடி ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. பஞ்சர் பெட்டியில் திறந்த சொல்யூஷன் ட்யூப் இருக்கும், மூடியை எவ்வளவு இறுக்கினாலும் சில மாதங்களில் உள்ளே காய்ந்துவிடும். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவையுங்கள்.